குதிக்க இயலாத தலைவன்

மேடைக்கு மேடை தாவும் கணினி விளையாட்டுக்களில் வீரன் குதிப்பதே மரபு. அயர்லாந்தினரான டெரி கவனா 2010ஆம் ஆண்டில் ஆக்கி, 2011இல் நின்டெண்டோ 3டீஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்கும் வந்த ‘விவிவிவிவிவி’யிலோ விண்கலத் தலைவனுக்குக் குதிக்கவே இயலாது. ஈர்ப்பு விசையைத் தலைகீழாக்கித் தரையினின்று கூரைக்கு விழுதல் ஒன்றே அவன் அறிந்த வித்தை. காலூன்றிய இடத்திலன்றி நடுவழியில் அதுவும் பலிக்காது. பிரிந்த தோழர் ஐவரையும் இதைக்கொண்டே அவன் மீட்கவேண்டும்.

ஓரிடத்தில், சிறு கட்டை ஒன்றுக்கு அப்பால் ஓர் அரும்பொருள் மின்னுகிறது. பிறராயின் ஒரே தாவலில் எடுப்பர். இவனோ முள் நிறைந்த அறைகள் பலவற்றினூடே மேலே விழுந்து, மீண்டும் அவற்றினூடே கீழே விழுந்தே அதனை அடைகிறான். தவறி மாண்டால், கடைசியாகத் தொட்ட காவல் நிலையில் உடனே உயிர்த்தெழுவான். ஆதலின் ஆடுவோர் அஞ்சாது முயல்வர். சில மணி நேரத்தில் முடியும் ஆட்டமெனினும், ஒரே வித்தையை எத்தனை விதமாய்க் கையாளலாம் என்பதை இது நன்கு காட்டுகிறது.