கண்ணும் செவியும் முரணும்போது

நுழையும்முன்

பயணத்தின்போது தோன்றும் குமட்டலை உடல் வலிமையின்மை என்று கருதுவோர் உளர். உண்மையில் அது, கண்ணும் செவியும் மூளைக்கு அனுப்பும் செய்திகள் தம்முள் மாறுபடுவதால் விளைவது. ஊர்தியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்போருக்கு அம்மாறுபாடு ஏன் மிகுகிறது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விடியற்காலைப் பயணம்

பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பரந்து கிடக்கும் நிலப்பகுதி, தோல் தொழிலால் பெயர் பெற்றது. இங்குப் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் காலணியும் கடல் கடந்து செல்கின்றன. அக்காலணிகளை உருவாக்கும் கைகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள். பொழுது புலரும் வேளையிலேயே சுற்றுப்புறச் சிற்றூர்களின் நிறுத்தங்களில் தொழிற்சாலைப் பேருந்துகளும் வேன்களும் வந்து நிற்கும். மாலையில் அவையே அவர்களை ஊர் கொண்டு சேர்க்கும்.

வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் இடையே அப்பெண்களுக்கென்று எஞ்சுவது பெரும்பாலும் அந்தப் பயண நேரம் மட்டுமே. பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த செய்தியைப் படிப்பதும், விட்டுப்போன படிப்பைத் தொலைநிலைக் கல்வி வழியே தொடர்வதும் அந்நேரத்தில்தான் கைகூடும். வேலூர்க் கல்லூரிகளுக்கு நாள்தோறும் சென்று வரும் மாணவர் நிலையும் இதுவே. ஆனால், கைப்பேசியைத் திறந்த சிறிது நேரத்திலேயே சிலருக்குக் கொட்டாவி வருகிறது, தலை கனக்கிறது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்புகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிறு புரட்டுகிறது. அருகில் இருப்போர், “இவருக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது” என்று ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். நாள்தோறும் பயணம் செய்ய வேண்டுமே என்ற அச்சத்தால், தொலைவில் உள்ள கல்லூரியையோ வேலையையோ வேண்டாம் என்று விடுவோரும் உண்டு. தவிர்க்கத்தக்க ஒரு துன்பம், ஒருவரது வாழ்வின் எல்லையைக் குறுக்க விடலாகாது. அதற்கு முதற்படி, அத்துன்பத்தின் காரணத்தை அறிதலே.

பழம்பெரும் துன்பம்

பயணக் குமட்டல் பேருந்தோடு பிறந்ததன்று. ஆங்கிலத்தில் குமட்டலைக் குறிக்கும் சொல், கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றியது என்பதே இத்துன்பத்தின் பழமைக்குச் சான்றாகும். இங்கிலாந்தின் புகழ்மிக்க கடற்படைத் தலைவர் நெல்சன், கடற்பயணங்களில் இத்துன்பத்திற்கு ஆளானவர். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிய உயிரியல் அறிஞர் சார்லசு டார்வினும் அப்பயணம் முழுவதும் இதனால் வருந்தினார். எனவே, இதனைக் கோழைமையோடும் பழக்கமின்மையோடும் மட்டும் தொடர்புபடுத்துவது பொருந்தாது.

காரணம் எங்கே உள்ளது என்பதற்கான தடயம், எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் சேம்சு, செவித்திறன் இழந்தோருள் பலர் கடற்பயணத்தில் குமட்டலுக்கு ஆளாவதில்லை என்பதை 1882ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் விண்வெளி ஆய்வு நிறுவனமும் இவ்வுண்மையை மேலும் ஆராய்ந்தன. செவித்திறன் இழந்தோர் பயிலும் காலடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர், இளமையில் மூளைக்காய்ச்சலால் உட்செவி பழுதுற்றவர்கள். கனடாவின் நோவா ஸ்கோசியா கடற்பகுதியில் கொந்தளிக்கும் அலைகளுக்கிடையே கப்பலில் அழைத்துச் செல்லப்பட்டபோது, அவர்கள் சீட்டாடிக்கொண்டு மகிழ்ந்திருந்தனர். சோதிக்க வந்த ஆய்வாளர்களோ குமட்டலால் துவண்டனர். உட்செவி செயல்படாதவரைப் பயணக் குமட்டல் தீண்டுவதில்லை. அவ்வாறெனில், குமட்டல் தோன்றுவது உட்செவி செவ்வனே இயங்குவதன் அடையாளமே அன்றோ!

உட்செவி என்னும் நுண்கருவி

செவி கேட்பதற்கு மட்டும் உரியதன்று. உடலின் சமநிலையைக் காப்பதும் அதன் பணியே. உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது குழல் உடன் திரும்புகிறது. நீர்மமோ நிலைமம் காரணமாகச் சற்றுப் பின்தங்குகிறது. அப்பின்தங்கல், குழலின் அடிப்பகுதியில் உள்ள மயிரிழை போன்ற உணர்செல்களை வளைக்கிறது. எத்திசையில், எவ்வளவு விரைவாகத் தலை திரும்பியது என்பதை மூளை அதனால் அறிகிறது. இவ்வமைப்பின் இயல்பை ஆராய்ந்த மருத்துவர் இராபர்ட் பாரனி, 1914ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

குழல்களை அடுத்து இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்கற்கள் உணர்செல்களின்மேல் படிந்துள்ளன. ஊர்தி விரையும்போதும் தடுக்கப்படும்போதும் கற்கள் நகர்ந்து, அம்மாற்றத்தை உணர்த்துகின்றன. பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர் முன்னோக்கிச் சாய்வதற்கு எந்த இயற்பியல் விதி காரணமோ, அதே விதியே செவிக்குள்ளும் செயல்படுகிறது.

உட்செவி உணர்வது வேகத்தையன்று, வேகத்தின் மாற்றத்தையே. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் செல்லும் மகிழுந்தில் கண்ணை மூடியிருப்பவருக்கு, அசையாமல் இருப்பது போலவே தோன்றும். அதே மகிழுந்து சுங்கச்சாவடியில் நின்று நகரும்போதும், ஊருக்குள் புகுந்து தடுப்பதும் விரைவதுமாகச் செல்லும்போதும், உட்செவி இடைவிடாது செய்தி அனுப்புகிறது. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை நிகழும் மெதுவான அசைவே மிகுதியாகக் குமட்டலைத் தூண்டுகிறது என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. வாகன நெரிசலில் நின்று நகரும் ஊர்தியும், அலையில் ஏறி இறங்கும் கப்பலும் இவ்வகை அசைவையே தருகின்றன.

இரு சாட்சிகளின் முரண்

மூளை, கண் தரும் செய்தியையும் உட்செவி தரும் செய்தியையும் தசைகளும் தோலும் தரும் செய்தியையும் ஒப்பிட்டே உடலின் நிலையை உறுதி செய்கிறது. நடக்கும்போது இவை அனைத்தும் ஒத்துப்போகின்றன. ஊர்திக்குள் இருக்கும்போது இவ்வொற்றுமை குலைகிறது. ‘நாம் திரும்புகிறோம்’ என்று செவி உரைக்க, எதிர் இருக்கையின் முதுகை மட்டும் காணும் கண், ‘நாம் அசையவில்லை’ என்று மறுக்கிறது. இம்முரணே பயணக் குமட்டலின் அடிப்படை என்னும் கோட்பாட்டை, 1970களில் பிரித்தானிய உளவியல் அறிஞர் சேம்சு ரீசன் விரிவாக வகுத்தளித்தார்.

முரண் தோன்றினால் வயிறு ஏன் புரள வேண்டும்? இதற்கு 1977ஆம் ஆண்டு மிசெல் டிரீசுமன் ஒரு விளக்கம் தந்தார். புலன்கள் தம்முள் மாறுபடுவதை, உண்ட உணவில் நஞ்சு கலந்ததன் அறிகுறியாக மூளை கருதி, அதனை வெளியேற்ற முயல்கிறது என்பது அவர் கருத்து. இது கருதுகோளே; இன்னும் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை.

கைப்பேசி சேர்க்கும் சுமை

சன்னல் வழியே வெளியே நோக்குபவருக்கு, ஓடும் மரங்களும் தொலைவில் தெரியும் மலைகளும் ஊர்தியின் இயக்கத்தை உணர்த்துகின்றன. கண்ணும் செவியும் ஓரளவு இசைகின்றன. கைப்பேசியை எடுத்தவுடன் அவ்விசைவு அறுபடுகிறது. திரை, கையோடும் உடலோடும் சேர்ந்தே நகர்வதால் கண்ணுக்கு அசைவற்றதாகத் தோன்றுகிறது. மடியில் வைத்துப் படிப்பதற்காகத் தலை குனியும்போது, சன்னலின் காட்சி ஓரப்பார்வையிலிருந்தும் மறைகிறது. அடுத்து வரும் வளைவையோ வேகத்தடையையோ முன்னறிய வழியில்லை. திரும்பும் ஊர்தியில் தலையைக் குனிவதும் நிமிர்வதும், அரைவட்டக் குழல்களில் கூடுதல் குழப்பத்தை உண்டாக்குகின்றன. விரைந்து நகரும் காணொளியோ, இல்லாத ஓர் இயக்கத்தைக் கண்ணுக்குக் காட்டி முரணைப் பெருக்குகிறது.

ஓட்டுநருக்குக் குமட்டல் அரிதாகவே வருவதன் காரணமும் இதனால் விளங்கும். அவர் கண் சாலையில் இருக்கிறது. எப்போது திருப்புவது, எப்போது தடுப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். வரப்போகும் அசைவை அவர் மூளை முன்பே அறிந்து ஆயத்தமாகிறது. ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் இயல்பாக இருக்க, பின்னிருக்கையில் கைப்பேசியை நோக்கியவர் மூன்றாம் வளைவிலேயே சோர்ந்துவிடுவது இதனால்தான்.

தெரியுமா?

1961ஆம் ஆண்டு ‘வசுதோக் 2’ கலத்தில் விண்வெளி சென்ற செர்மன் டிட்டோவ், விண்வெளியில் இத்தகைய குமட்டலுக்கு ஆளான முதல் மனிதர். எடையற்ற நிலையில் செவிக்கற்கள் தரும் செய்தி மாறிவிடுவதால், பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் தொடக்க நாள்களில் இத்துன்பத்தை எய்துகின்றனர். சில நாள்களில் மூளை புதிய சூழலுக்குப் பழகிவிடுகிறது.

தணிக்கும் வழிகள்

காரணம் முரண் எனில், தீர்வு இசைவே. இருக்கையைத் தேர்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம். மகிழுந்தில் முன்னிருக்கையும், பேருந்தில் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட இருக்கையும் ஏற்றவை. பின்கடைசி இருக்கையில் குலுக்கல் மிகுதி. பயணத் திசையை நோக்கி அமர்தல் வேண்டும். தலையைச் சாய்மானத்தில் ஊன்றி வைத்தால் தேவையற்ற அசைவு குறையும்.

கைப்பேசியைப் பார்த்தே ஆக வேண்டுமெனில், மடியில் வைக்காமல் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பிடித்தால் சாலையும் சன்னலும் ஓரப்பார்வையில் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, சிறிது படித்தபின் தொலைவில் உள்ள மலையையோ தொடுவானத்தையோ சற்று நோக்குதல் நன்று. நெடுஞ்சாலையின் சீரான பகுதியில் படிக்கலாம். ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் திரையை அணைத்துவிட வேண்டும். படிப்பதற்கு மாற்றாகக் கேட்பதைக் கைக்கொள்வது இன்னும் சிறந்தது. பாடத்தை முன்னரே ஒலிப்பதிவு செய்துகொண்டால், கண் வெளியே நோக்க, செவி பாடத்தைக் கேட்கும். செய்திக்கு எழுத்தால் விடையளிப்பதினும் குரல்பதிவால் விடையளிப்பது எளிது.

முதல் கொட்டாவியே எச்சரிக்கை. குமட்டல் முற்றியபின் கைப்பேசியை வைப்பதால் உடனே பயன் விளையாது. அறிகுறி தோன்றியவுடன் வைத்துவிட வேண்டும். தூய காற்றும், மெதுவாக ஆழ்ந்து விடும் மூச்சும் ஆறுதல் தரும். டீசல் புகை, தோல் பதனிடும் இடங்களின் நெடி, காலணிப் பசையின் வாடை ஆகியன ஏற்கெனவே குமட்டல் உற்றவரை மேலும் வருத்தக்கூடும். அவ்விடங்களைக் கடக்கும்வரை சன்னலை மூடிக்கொள்ளலாம். ஆம்பூர்ப் பிரியாணியின் சுவை ஊரறிந்ததே எனினும், வயிறார உண்டவுடன் மலையேறுவது அறிவுடைமையன்று. வெறும் வயிறும் ஆகாது. எளிய உணவைச் சிறிதளவு உண்பதே தக்கது. பேருந்து நிலையங்களில் விற்கும் இஞ்சி மரப்பாவைப் பலர் நாடுவர். இஞ்சி சிலருக்குக் குமட்டலைத் தணிப்பதாக ஆய்வுகளும் கூறுகின்றன. வாந்தி வரும்போது தலையையோ கையையோ சன்னலுக்கு வெளியே நீட்டுவது உயிருக்கே கேடாகும். கையில் ஓர் உறையை வைத்திருப்பதில் நாணத்திற்கு இடமில்லை.

தொழில்நுட்பமும் மருந்தும்

தொழில்நுட்பம் தோற்றுவித்த இடரைத் தொழில்நுட்பத்தாலேயே குறைக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. 2018ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சிட்ரோன் நிறுவனம், வில்லையில்லாத ஒரு கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. அதன் வளையங்களில் உள்ள வண்ண நீர்மம் ஊர்தியின் அசைவுக்கேற்ப நகர்ந்து, கண்ணுக்கு ஒரு செயற்கைத் தொடுவானத்தைக் காட்டுகிறது. 2024ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி இயங்குதளத்தில் ஒரு வசதியைச் சேர்த்தது. ஊர்தி திரும்பும்போதும் விரையும்போதும் திரையின் ஓரங்களில் சிறு புள்ளிகள் அதற்கேற்ப நகர்கின்றன. செவி உணர்வதைக் கண்ணும் ஓரளவு காண்பதால் முரண் குறைகிறது. இவை எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தருவன அல்ல எனினும், இவற்றின் அடிப்படை நாம் மேலே கண்ட இசைவே ஆகும்.

மருந்தின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1947ஆம் ஆண்டு, தோல் தடிப்பிற்காக ஒரு புது மருந்தை உட்கொண்ட பெண் ஒருவர், டிராம் வண்டியில் தமக்கு வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்பதை மருத்துவரிடம் தெரிவித்தார். அவர் கூற்றை மருத்துவர்கள் புறந்தள்ளாமல் ஆராய்ந்ததன் பயனாக, பயணக் குமட்டலுக்கான மருந்து உலகிற்குக் கிடைத்தது. இவ்வகை மருந்துகளைப் பயணத்திற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். அவை உறக்கத்தைத் தருவன. ஆதலால் இயந்திரத்தில் பணிபுரிவோரும் தேர்வு எழுதச் செல்வோரும் மருத்துவரின் அறிவுரையின்றி அவற்றைப் பயன்படுத்தலாகாது.

இசைவே பயணம்

பயணக் குமட்டல் குழந்தைகளிடமும் பெண்களிடமும் ஒற்றைத் தலைவலி உடையோரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. சீராகத் தொடர்ந்து பயணம் செய்தால் மூளை சிறிது சிறிதாகப் பழகிக்கொள்கிறது. ஆகவே, ‘ஒத்துக்கொள்ளாது’ என்பது மாறாத விதியன்று. தனி ஒருவரின் முயற்சியோடு பிறரது பரிவும் இதற்குத் துணை செய்யும். திடீரெனத் தடுக்காமல் மென்மையாக ஊர்தியைச் செலுத்தும் ஓட்டுநரும், சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுக்கும் உடன்பயணியும் மருந்தினும் மேலான உதவியைச் செய்கின்றனர். விடியற்காலையில் வேனில் ஏறும் பெண் தனக்குரிய அந்தச் சிறுபொழுதை இழக்காமல், களைப்பின்றிப் பணியிடம் சேர்வது அவரது உரிமை. அதனைக் காக்க அறிவியல் அறிவும் சிறிது மனிதநேயமும் போதும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வகுப்பில் பேருந்தில் வரும் மாணவர்களிடம் அவர்கள் அமரும் இருக்கை, கைப்பேசி பயன்படுத்தும் நேரம், உடல்நிலை ஆகியவற்றைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. ‘குமட்டல் வலுவின்மையின் அடையாளமன்று’ என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.

3. உங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் பயணிகளுக்கும் பயன்படுமாறு, பயணக் குமட்டலைத் தணிக்கும் வழிகளை விளக்கி ஒரு பக்க அளவில் துண்டறிக்கை எழுதுக.