உடைந்த ஓடுகளில் ஓர் அரசாங்கம்

வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பை உடைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அத்தகைய ஓடுகளையும் வளையல் துண்டுகளையும் ஆண்டுக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்து, உலகமே வியக்கும் சிற்பத் தோட்டம் ஒன்றை எழுப்பினார் ஒருவர். சண்டிகர் நகரின் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்த்தான் அவர்.

1924ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மன்னர்கள், அரசியர், மாளிகைகள் பற்றிய கதைகளைச் சொல்லிச் சொல்லியே அன்னை அவரை வளர்த்தார். 1947இன் பிரிவினையில் அக்குடும்பம் ஊரையும் உடைமைகளையும் இழந்து இந்தியாவுக்கு வந்தது. நிலம் கைவிட்டுப் போயிற்று. அன்னை சொன்ன கதைகள் மட்டும் அவரோடு வந்தன.

சண்டிகர் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த நேக் சந்த், நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் சிதைவுகளைக் கண்டார். 1950களின் பிற்பகுதியிலிருந்து, பணி முடிந்ததும் அவற்றை மிதிவண்டியில் ஏற்றிக் காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றுக்குக் கொண்டு சென்றார். பழைய இரும்புச் சட்டங்களின்மேல் சிமெண்ட் பூசி, ஓட்டுத் துண்டுகளைப் பதித்து உருவங்களை வடித்தார். இரவில் பழைய டயர்களை எரித்து வெளிச்சம் உண்டாக்கிக்கொண்டார்.

அது கட்டடம் எழுப்பக் கூடாத அரசுக் காடு. 1970களில் அதிகாரிகள் கண்டபோது, தோட்டம் சுமார் 12 ஏக்கர் பரந்திருந்தது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் மக்களின் ஆதரவு அதைக் காத்தது. 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும் உதவிக்குப் பணியாளர்களும் அளிக்கப்பட்டனர். பின்னர் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அவர், 2015இல் தமது 90ஆம் வயதில் மறைந்தார். 2025இல் சாலை விரிவாக்கத்துக்காகத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோதும் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

பெற்றோர்களே, சற்றுச் சிந்தியுங்கள். அந்தக் கதைகளைச் சொன்ன தாய், தம் மகன் கலைஞனாவான் என்று எண்ணியா சொல்லியிருப்பார்? பிள்ளைகளின் உள்ளத்தில் நாம் போடும் விதை எப்போது முளைக்கும் என்று நமக்குத் தெரியாது. கிழிந்த சேலைகளை இணைத்து விரிப்புத் தைத்த நம் பாட்டிமார்களும், எதையும் வீண்விரயம் செய்யாத பண்பைச் சொல்லாமலே கற்றுத் தந்தவர்கள்தாமே?

உருவங்களை வடிப்பதில் நம் குடும்பங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். அதனால் என்ன? உடைந்த ஓடுகளால் பூக்கொடிகளும் கோண வடிவங்களும் பதித்து அழகிய பூந்தொட்டி செய்யலாமே! கூரிய முனைகளைப் பெரியவர்கள் தேய்த்துக் கொடுங்கள். பதிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளை தெருவில் கிடந்த மூடிகளைச் சட்டைப் பை நிறையக் கொண்டுவந்தால், ‘குப்பையைத் தூக்கிப் போடு’ என்று அதட்டுவதற்கு முன், ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று அன்போடு கேட்டுப் பாருங்கள்.