ஃபேன் வேகத்தைச் சித்திரையில் செட் செய்யுங்கள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கி மேல்காற்று வீசும் ஜூன், ஜூலையில் புளியங்குடியில் லிக்விட் கூலிங் போட்ட கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஓடும். அதே கம்ப்யூட்டர் ஏப்ரல், மே மாதங்களில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இல்லை, ஃபேனுக்குச் சொல்லிவைத்த கணக்கில் இருக்கிறது.

லிக்விட் கூலிங் ஃபிரிட்ஜ் அல்ல. பிராசசரின் சூட்டை நீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் விடுகிறது. ஃபேன் அந்தச் சூட்டை அறைக்காற்றில் தள்ளுகிறது, அவ்வளவுதான். அறை 35 டிகிரியில் இருந்தால், ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் நீர் 35-க்குக் கீழே இறங்காது.

அடுத்து, ஃபேன் எந்தச் சூட்டைப் பார்த்து ஓட வேண்டும்? வழக்கமாக பயாஸ் பிராசசரின் சூட்டைத்தான் பார்க்கிறது. பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்தால் அது சட்டென்று 45-லிருந்து 75-க்குத் தாவும், உடனே இறங்கியும்விடும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். ஆனால் அடுப்பைக் கூட்டியதும் அண்டாத் தண்ணீர் கொதித்துவிடுவதில்லை. கூலருக்குள்ளே கால் லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 வாட் சூடு முழுவதும் அதில் இறங்கினாலும் ஒரு டிகிரி ஏற 5 விநாடி ஆகும். அதனால் ரேடியேட்டர் ஃபேன் நீரின் சூட்டைப் பார்த்து ஓடுவதே சரி. உங்கள் கூலரில் நீரின் சூட்டைக் காட்டும் சென்சார் இருந்தால், அதன் சாஃப்ட்வேரில் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதம் வையுங்கள்.

இனி கணக்கு. கோடை மதியத்தில், கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 35 டிகிரி என்றால், நீர் 40 டிகிரியைத் தொடும்வரை ஃபேன் 40 சதவீத வேகத்தில் போகட்டும். 45-ல் 60 சதவீதம், 50-ல் முழு வேகம். சீசனில் அறை 27 டிகிரியாக இருக்கும்போது இதே கணக்கைப் போட்டு, 42-லேயே முழு வேகம் என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? கோடையில் கொஞ்சம் வேலை கொடுத்ததுமே நீர் 42-ஐத் தாண்டிவிடும், ஃபேன் ஓயாமல் அலறும். கோடைக் கணக்கோ சீசனுக்கும் பொருந்தும். நீர் இரண்டு டிகிரி கூடுதலாக நின்றாலும் கெடுதலில்லை. பல கூலர்களில் நீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதே வரம்பு.

வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் லாபம் பெரிது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும், ஃபேன் இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். ஒரு ஃபேனை விரட்டுவதைவிட மூன்றை மெதுவாக ஓட்டுவது மேல். பம்ப்பை மட்டும் ஏற்றி இறக்காமல் ஒரே வேகத்தில் விட்டுவிடுங்கள்.

ஆடிக்காற்று அடித்து ஓய்ந்ததும் ரேடியேட்டரின் இடுக்குகளில் படிந்த புழுதியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கேபினெட்டை மேஜையின் மூடிய அறைக்குள் தள்ளி வைக்காதீர்கள். வெளியேறிய சூட்டையே ஃபேன் திரும்ப இழுக்கும்.

இத்தனைக்கும் பிறகு சூடு ஏறினால் நீரின் சூடு, பிராசசரின் சூடு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீரும் சூடாக இருந்தால் புழுதி, ஃபேன், அறை ஆகியவற்றைக் கவனியுங்கள். நீர் குளிர்ந்திருக்க, பிராசசர் மட்டும் 95-ஐத் தொட்டால் பம்ப்பையோ தெர்மல் பேஸ்ட்டையோ பார்க்க வேண்டும். அங்கே ஃபேன் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை.