ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

1945 ஜனவரி 12. போலந்தின் விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து சோவியத் படைகள் மேற்கு நோக்கிக் கிளம்பின. மூன்றே வாரங்களில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து, பெர்லினிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் ஓடும் ஓடர் ஆற்றை எட்டிவிட்டன. அந்தப் பாய்ச்சலின் முன்வரிசையில் சென்றவை டி-34-85 டாங்கிகள். பச்சை நிறம் பனியில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பல டாங்கிகளுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பனிக்காலம் முடிந்ததும் கழுவி எடுத்துவிடக்கூடிய, சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு போன்ற பூச்சு அது. டாங்கியின் முதுகில் காலாட்படை வீரர்களும் ஏறிக்கொண்டு பயணம் செய்தார்கள்.

மூன்று வாரம். பனி, சேறு, டீசல் புகை, ஏறி இறங்கும் பூட்ஸ் கால்கள். ஓடர் கரையில் வந்து நின்றபோது அந்த வெள்ளை எங்கெங்கே தேய்ந்திருக்கும்? எங்கே கருத்திருக்கும்? எங்கே அடித்தது அடித்தபடி இருந்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு 23 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் டாங்கியின் மேல் விடை எழுதலாம். அளவு மாதிரி செய்யும் கலை அதுதான். பாகங்களை ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அதில் பாதி. மீதிப் பாதிக்கு ‘வெதரிங்’ என்று பெயர்: வெயில், மழை, உழைப்பு, காலம் ஆகியவை ஒரு வண்டியின் மேல் விட்டுச்செல்லும் தடங்களைத் தூரிகையால் கொண்டுவருவது.

35இல் ஒரு பங்கு

ராணுவ வாகன மாதிரிகளில் உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு 1/35. இந்த எண் பிறந்த இடம் ஜப்பானின் ஷிசுவோகா நகரம். 1946இல் மரத் தொழிலில் தொடங்கி, மர மாதிரிகளுக்கு வந்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறிய நிறுவனம் தமியா. 1960களின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாதிரியாக வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும். அதை வைத்தே அதன் அளவு முடிவானது. அந்த மாதிரி நன்றாக விற்றதால் மற்ற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய நினைத்து அளந்து பார்த்தார்கள். உண்மையான டாங்கியில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு வந்தது. பேட்டரிக்காகப் பிறந்த அந்த அளவையே இன்று ரஷ்யாவின் ஸ்வெஸ்டா, உக்ரைனின் மினிஆர்ட், தென்கொரியாவின் அகாடமி என்று எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

மாதிரி செய்பவர் இந்த 35ஐ எப்போதும் மனத்தில் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட ஒரு தலைமுடி, உண்மை அளவில் 2 மில்லிமீட்டருக்கும் தடித்த கம்பி. பெயின்ட் உரிந்ததாகக் காட்ட நீங்கள் வைக்கும் 1 மில்லிமீட்டர் புள்ளி, உண்மை டாங்கியில் மூன்றரை சென்டிமீட்டர் காயம். அதனால்தான் பூச்சு மெல்லியதாகவும், புள்ளி ஊசிமுனை அளவிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

எடைக்கும் இதே கணக்கு உண்டு. டி-34-85இன் எடை சுமார் 32 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு குறைந்தால் எடை 42,875 மடங்கு குறையும். அப்படிப் பார்த்தால் நம் மாதிரி முக்கால் கிலோ இருக்க வேண்டும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக் மாதிரியோ அதைவிட மிகவும் லேசானது. கையில் இல்லாத கனத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். முதலில் அதைச் செய்வது சங்கிலிப் பட்டை. டி-34இல் பட்டையின் மேற்பகுதியைத் தாங்குவதற்கென்று தனி உருளைகள் கிடையாது. அது பெரிய சக்கரங்களின் தலைமேலேயே படுத்துக் கிடக்கும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 70 இரும்புக் கண்ணிகள். அவற்றின் பாரத்தால் பட்டை தொய்ந்து சக்கரங்களின் மேல் அமர்ந்திருக்கும். மாதிரியில் அந்தத் தொய்வு இல்லையென்றால், எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் அது பொம்மையாகவே தெரியும். கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, பசை முழுக்க இறுகுவதற்குள் பட்டையைச் சக்கரங்களின் மேல் வளைத்துப் படுக்கவைக்க வேண்டும்.

பசை அல்ல, கரைப்பான்

பெட்டியைத் திறந்தால் பாகங்கள் தனித்தனியாக இருக்காது. உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பதால், பிளாஸ்டிக் ஓடிய வழியே சட்டமாக உறைந்து, கிளையில் காய்போல் பாகங்கள் அதில் ஒட்டியிருக்கும். கூரிய கட்டரால் சற்றுத் தள்ளி நறுக்கி, மீதியைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்தது ஒட்டுதல். இதற்கான திரவம் வழக்கமான பசை அல்ல, ஒரு கரைப்பான். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை முனையால் தொட்டால் போதும். நுண்புழை விசையால் அது விளிம்பெங்கும் தானே ஓடும். இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். உலர்ந்தபின் அது ஒட்டு அல்ல, ஒரே துண்டு. இதன் ஆபத்தும் அதே குணத்தில் இருக்கிறது. என் முதல் டாங்கியின் முன்தகட்டைப் பிடித்திருந்த விரலுக்கு அடியில் கரைப்பான் புகுந்து, என் கைரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது. விரல் இருக்கும் இடத்துக்கு இடுக்கு ஓடி வருகிறதா என்று பார்த்த பிறகே தூரிகையை வைக்க வேண்டும் என்பதை அந்த ரேகைதான் எனக்குக் கற்பித்தது.

பெயின்ட்டுக்கு முன்பே கவனிக்க வேண்டிய ஒன்று, உலோகத்தின் தோல். டி-34இன் உடல், உருட்டித் தட்டையாக்கிய எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தது. 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள முன்தகடு நன்கு சாய்ந்திருக்கும். மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு வார்ப்படம். போர்க்கால அவசரத்தில் வார்த்தவை என்பதால் அந்தக் கூண்டுகள் சொரசொரப்பாகவே களத்துக்குப் போயின. எனவே இடுக்கு அடைக்கும் பட்டியைத் தின்னரில் குழம்பாகக் கரைத்து, தேய்ந்த பழைய தூரிகையால் கூண்டின் மேல் மட்டும் குத்திக் குத்தித் தடவுவார்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. பிரைமர் அடித்துப் பார்த்தால், கூண்டும் உடலும் வேறு வேறு வழியில் பிறந்தவை என்று தெரியும்.

பச்சைக்கு மேல் வெள்ளை

சோவியத் டாங்கிகளின் அடிப்படைப் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். டப்பாவில் இருக்கும் சரியான பச்சையை அப்படியே அடித்தால் மாதிரி இருண்டு தெரியும். ஒரு மீட்டர் தள்ளி வைத்து மாதிரியைப் பார்ப்பது, 35 மீட்டர் தள்ளி நின்று உண்மை டாங்கியைப் பார்ப்பதற்குச் சமம். தொலைவு கூடக் கூட, இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்யும். அதனால் பச்சையில் சிறிது வெளிர் நிறம் கலந்து, ஏர்பிரஷ் கொண்டு மெல்லிய படலங்களாக அடிப்பது வழக்கம். ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி அணிந்துகொண்டு அடிப்பது கட்டாயம்.

இனி அந்த வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரை நாம் பார்த்திருக்கிறோம். சாய்ந்து உட்காரும் இடத்தில் தேயும், மழை வழிந்த இடத்தில் கோடாக இறங்கும், கைபடாத மூலையில் வெள்ளையாகவே இருக்கும். டாங்கியிலும் அப்படித்தான். இதை வரைந்து காட்டினால் வரைந்தது போலவே இருக்கும். உண்மையிலேயே தேய்க்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி, கடையில் கிடைக்கும் ஹேர் ஸ்ப்ரே. பச்சை நன்கு உலர்ந்ததும் அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, அது காய்ந்ததும் மேலே அக்ரிலிக் வெள்ளை. அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரில் நனைத்த தூரிகையால் வெள்ளையை ஈரப்படுத்தினால், நீர் உள்ளே கசிந்து ஹேர் ஸ்ப்ரே படலத்தை இளக்கும். பிறகு சற்றே விறைப்பான தூரிகையால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை பெயர்ந்து பச்சை எட்டிப்பார்க்கும்.

எங்கே தேய்ப்பது? கலையின் உயிர் இந்தக் கேள்வியில்தான். காலாட்படை பிடித்துக்கொள்ளவென்றே டி-34-85இன் உடலிலும் கூண்டிலும் கைப்பிடிக் கம்பிகள் வைத்தார்கள். அந்தக் கம்பிகளைச் சுற்றியும், வீரர்கள் உட்கார்ந்த எஞ்சின் மூடியின் மேலும் வெள்ளை அதிகம் போயிருக்கும். ஓட்டுநர் நுழையும் கதவு முன்தகட்டில் இருக்கிறது. அதன் விளிம்புகளில் அவர் பூட்ஸ் உரசிய தடம். கூண்டின் மேல்மூடிகளைச் சுற்றியும் அப்படியே. கூண்டின் பக்கவாட்டில் யார் கையும் காலும் படாத நடுப்பகுதியில் வெள்ளை ஏறக்குறைய முழுதாக நிற்கலாம். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்த்தால் அது வெறும் அழுக்கு. காரணத்தோடு தேய்த்தால் அது வரலாறு.

அழுக்கின் வரிசை

அடுத்த அடுக்குகளுக்கு வேதியியல் தெரிய வேண்டும். அக்ரிலிக் பெயின்ட்டின் மேல் வார்னிஷ் பூசிப் பாதுகாத்துவிட்டு, அதற்குமேல் எனாமலையும் ஆயில் பெயின்ட்டையும் பயன்படுத்துவார்கள். எனாமலைக் கரைக்கும் டர்பன்டைன் வகைத் தின்னர், நன்கு உலர்ந்த அக்ரிலிக்கை எளிதில் தொடாது. அதனால் மேலே போட்டது பிடிக்கவில்லையென்றால் அதை மட்டும் துடைத்தெடுக்கலாம். பளபளப்பான வார்னிஷுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீரில் ஊறவைத்து ஒட்டும் எண்களையும் சின்னங்களையும் சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால், அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். வழவழப்பான பரப்பில் அவை பெயின்ட்டோடு பெயின்ட்டாகப் படிந்துவிடும்.

பிறகு ‘வாஷ்’. நீர்த்த அடர்பழுப்பு எனாமலைத் தகடு சேரும் இடுக்குகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் தூரிகை முனையால் தொட்டுவிட்டால், அது தானே ஓடிப் படிந்து நிழலாக நிற்கும். டி-34இன் இரண்டு புகைக்குழாய்களும் பின்தகட்டில் இருக்கின்றன. 500 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் கக்கிய கரி அங்கேதான் படியும். அந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக இருக்கவே முடியாது. பக்கவாட்டில் கட்டியிருக்கும் உருளை வடிவ டீசல் தொட்டிகளின் மூடியருகே சிந்திய எண்ணெய், கீழ்நோக்கி மினுக்கமான கோடாக வழிந்திருக்கும். தூசி அதில் அப்பிக்கொள்ளும்.

கடைசியில் சேறு. நிறத்தூளும் பிளாஸ்டரும் சேர்ந்த கலவையைச் சக்கரங்களிலும் உடலின் கீழ்ப்பகுதியிலும் தூரிகையிலிருந்து தெறிக்கவிடுவார்கள். நேற்றைய சேறு காய்ந்து வெளிறியிருக்கும். இன்றைய சேறு அடர்ந்த நிறத்தில் ஈரமாய் மின்னும். முதலில் வெளிர், அதன்மேல் குறைவாக அடர்நிறம் என்ற வரிசையில் போட்டால், வண்டி பல நாள் ஓடி வந்தது தெரியும். சங்கிலிக் கண்ணிகள் தரையைக் கடிக்கும் முனைகளில் பென்சில் கரியைத் தேய்த்தால் இரும்பின் பளபளப்பு வரும். டி-34இல் பின்சக்கரத்தின் உருளைகள் கண்ணிகளின் நடுவில் நிமிர்ந்திருக்கும் கொம்புகளைப் பிடித்துத்தான் பட்டையை இழுக்கும். ஆகவே அந்தக் கொம்புகளும் மெருகேறியிருக்கும்.

நிறுத்தத் தெரிவது

இந்த உத்திகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1970களில் அமெரிக்கக் கலைஞர் ஷெப் பெய்ன், மோனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகளுக்காகச் செய்த காட்சியமைப்புகளும் அவற்றின் செய்முறைத் துண்டுப்பிரசுரங்களும் ஒரு தலைமுறைக்கே பாடமாயின. பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், வாஷ் முதலிய முறைகளைப் பரவலாக்கினார். இன்று ஒவ்வொரு கறைக்கும் தனிப்புட்டி விற்கிறது. அதனாலேயே புட்டியில் உள்ளதையெல்லாம் ஒரே டாங்கியில் கொட்டும் ஆசையும் வருகிறது. முக்கியமாகத் துரு. போர்க்கால டாங்கி ஒன்று பல ஆண்டுகள் மழையில் கிடந்ததல்ல. பல வண்டிகளின் களவாழ்க்கை சில மாதங்களே. தடித்த கவசம் அதற்குள் பொக்குபொக்காக அரிக்காது. சூடேறி ஆறும் புகைக்குழாயிலும் பெயின்ட் இல்லாத சங்கிலியிலும் துரு வரட்டும். மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொள்வதே நேர்மை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். தூரிகையை எடுக்குமுன் அந்த வண்டியின் ஒரு நாளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எந்த மாதம், எந்த மண், யார் எங்கே ஏறினார்கள், எதை எங்கே ஊற்றினார்கள். அந்தத் தாளில் இல்லாத கறை மாதிரியிலும் வேண்டாம்.

நான் செய்த டி-34இல் மனித உருவம் ஒன்றுகூட இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பரின் மகள், பத்து வயதுப் பெண், அதை வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, எஞ்சின் மூடியின் மேல் வெள்ளை போயிருந்த இடத்தைத் தொடாமல் சுட்டிக்காட்டிக் கேட்டாள்: “மாமா, இங்க யாரு உக்காந்திருந்தாங்க?”