அலன்ஸ்வேர்த்: நீரும் தன்னாட்சியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிராமப்புறங்களிலே, பெயரும் குடிமக்களும் இருந்தும் தமக்கெனப் பட்டின சபையோ நகர முதல்வரோ இல்லாத ஊர்கள் பலவுள. கூட்டிணைக்கப்படாத இவ்வூர்களைக் 'கவுண்டி' எனப்படும் மாவட்ட நிர்வாகமே ஆளுகின்றது. இது வெறும் நிர்வாக ஏற்பாடன்று. ஊரவரின் வாழ்வாதாரங்கள் மீதான அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் வினாவோடு பிணைந்ததாகும். கலிபோர்னியாவின் துலாரே கவுண்டியிலுள்ள அலன்ஸ்வேர்த் இதற்குத் தக்க சான்றாகும்.

1842இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, படைத்துறைச் சமயகுருவாகி, லெப்டினன்ட் கேணல் தரத்துடன் 1906இல் ஓய்வுபெற்ற அலன் அலன்ஸ்வேர்த்தும், ஆசிரியரான வில்லியம் பெய்னும் வேறு சிலரும் 1908இல் இவ்வூரை நிறுவினர். கறுப்பின மக்கள் தம் நிலத்தில் உழைத்துத் தம்மைத் தாமே ஆளும் ஊரொன்றை அமைப்பதே அவர்தம் நோக்கம். சில ஆண்டுகளுள் பாடசாலை, நூலகம், தபாலகம், கடைகள் என்பன எழுந்தன. 1912இல் தனிப் பாடசாலை வட்டாரமும் உருவாயிற்று.

ஆயின், நிலம் விற்ற கம்பனி உறுதியளித்த அளவு நீரை வழங்கவில்லை. 1914இல் சான்டா பே புகையிரதக் கம்பனி அயலூரான அல்பாவுக்குக் கிளைப்பாதை அமைத்தமையால் வணிகம் நலிந்தது. அதே ஆண்டில் அலன்ஸ்வேர்த் மோட்டார்ச் சைக்கிள் மோதி இறந்தார். இங்கு தொழிற்கல்லூரி அமைக்கும் திட்டத்தையும் 1915இல் மாநிலச் சட்டசபை ஏற்கவில்லை. ஊரவரிடம் உழைப்பும் கல்வியார்வமும் குறைவின்றி இருந்தன. நீரும் போக்குவரத்தும் பிறர் கையில் இருந்தமையே வீழ்ச்சியின் அடிப்படைக் காரணம் எனலாம்.

பழைய குடியிருப்பு 1970களில் மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. அதனருகே இன்று வாழும் சில நூறு பேரிற் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோர். பண்ணைத் தொழிலை நம்பியிருப்போர் அவருட் பலர். குடிநீர் வழங்க உள்ளூர்ச் சேவைச் சபையொன்று உண்டெனினும், நிலத்தடி நீரிற் கலந்துள்ள ஆசனிக்கை நீக்குவதற்கான செலவைச் சிலநூறு பேரின் கட்டணத்தால் ஈடுசெய்தல் அரிது.

மறுபுறம், வேளாண்மைக்காக வற்றச் செய்யப்பட்ட துலாரே ஏரி 2023இல் வெள்ளத்தால் மீண்டும் நிரம்பியது. அவ்வாண்டு மார்ச்சில் ஊரவர் தாமே மண்மூட்டைகளை அடுக்கி வெள்ளத்தைத் தடுக்க முயன்றனர். குடிகள் மாறியும் நீர் பற்றிய முடிவுகள் ஊருக்கு வெளியிலேயே எடுக்கப்படுகின்றன. ஆதலின், நிலவுரிமை மட்டும் ஓர் ஊருக்குத் தன்னாட்சியை அளித்துவிடாது என்பது மனங்கொள்ளத்தக்கது.