கொடி விழவில்லையா? கையை விடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்!

விடியற்காலை 4 மணிக்கு மாடு கன்று போட்டது. கிடேரிக் கன்று, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால், பொழுது சாய்கிற நேரமாகியும் கொடி விழவில்லை. மாட்டின் பின்னால் தொங்கிக்கொண்டே இருக்கிறது, ஈ மொய்க்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எட்டிப் பார்க்கிறார்.

"என்னம்மா, இன்னும் கொடி போடலையா? ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்க விடு. பாரத்துக்குத் தானா வந்துடும்."

"வேணாம் மாமா. போன ஈத்துல இப்படித்தான் ஒருத்தரு கையை விட்டு எடுத்தாரு. அதுக்கப்புறம் நாலு ஊசி போட்டும் சினை நிக்கலை."

மாடு வளர்க்கும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. பெரியவர் சொன்னதும் நல்லெண்ணத்தில்தான். ஆனால், அந்தப் பெண்ணின் பயத்தில்தான் உண்மை இருக்கிறது. கொடி தங்குவதால் மாட்டுக்கு வரும் கெடுதலைவிட, தங்கிய கொடியைப் பிடித்து இழுப்பதால் வரும் கெடுதல் பல நேரங்களில் அதிகம். அப்படியானால் எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

பசுவும் எருமையும் கன்று ஈன்ற பிறகு, சாதாரணமாக 3 முதல் 8 மணி நேரத்துக்குள் கொடியைப் போட்டுவிடும். 12 மணி நேரத்தைத் தாண்டியும் விழவில்லை என்றால், 'கொடி தங்கிவிட்டது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே, கன்று தரையில் விழுந்த நேரத்தைக் கொட்டகைச் சுவரிலோ காலண்டரிலோ குறித்து வையுங்கள். மருத்துவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 'ராத்திரி போட்டுது' என்ற பதில் அவருக்கு உதவாது.

இரவில் ஈன்ற மாடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. காலையில் பார்த்தால் பின்னால் எதுவும் தொங்காது. தரையிலும் கொடி இருக்காது. மாடு தின்றிருக்கலாம், நாய் இழுத்துப் போயிருக்கலாம், முழுக் கொடியும் உள்ளேயே தங்கியிருக்கவும் செய்யலாம். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ துர்நாற்றம் வந்த பிறகுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள். கொடி விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், 'தங்கியிருக்கலாம்' என்று நினைத்துக் கவனிப்பதே பாதுகாப்பு.

விழுந்த கொடியையும் அப்படியே புதைத்துவிடக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சாக்கின் மேல் விரித்துப் பாருங்கள். முழுதாக இருக்கிறதா, பாதியில் கிழிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கிழிந்திருந்தால் மீதி உள்ளே இருக்கிறது என்று பொருள்.

ஏன் தங்குகிறது?

பசுவின் கருப்பைச் சுவரில் பொத்தான் போன்ற முண்டுகள் 70 முதல் 120 வரை இருக்கும். கொடியிலும் அவற்றுக்கு ஈடாகப் பொத்தான்கள் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால்தான், தாயிடமிருந்து கன்றுக்குச் சத்து போகிறது. கன்று வெளியே வந்ததும் இந்தப் பிணைப்பு தளர வேண்டும்.

இந்தத் தளர்வில் தாயின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'இது இனி நமக்கு வேண்டாத பொருள்' என்று அவை அடையாளம் கண்டு பிணைப்பை அறுக்கின்றன. ஈனுவதற்கு முந்தைய வாரங்களிலேயே மாட்டின் எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தால், இந்த வேலை சரியாக நடக்காது. அதாவது, கொடி தங்குவதற்கான காரணம் பெரும்பாலும் கன்று பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. கல்லைக் கட்டினாலும் அந்தப் பிணைப்பு தளராது. கொடி கிழியும், அவ்வளவுதான். சில மாடுகளில் கருப்பையே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடவும் கூடும்.

நாள் நிறையாமல் ஈனுவது, கரு வீசுவது, இரட்டைக் கன்று, சிரமப்பட்ட பிரசவம், சுண்ணாம்புச் சத்துக் குறைவு, வைட்டமின் ஈ மற்றும் செலினியம் குறைவு, கடும் வெயில், சினைக்காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்துப்போவது ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றோடு கருச்சிதைவு நோயும் சேரும். அதைப் பற்றித் தனியாகப் பார்க்க வேண்டும்.

கையை விட்டால் என்ன ஆகும்?

கோத்துக்கொண்டிருக்கும் பொத்தான்களைப் பலவந்தமாகப் பிரித்தால் கருப்பைச் சுவர் புண்ணாகும். கையோடு கிருமியும் உள்ளே போகும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகத் தோன்றினாலும், துண்டு துண்டாக உள்ளே நின்றுவிடும். அந்தப் புண் ஆறாத கருப்பையில் அடுத்த கரு தங்காது. வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி சினைப்பட வேண்டும். கையை விட்டு எடுத்த ஒரு மணி நேர வேலை, அந்தக் கணக்கையே குலைத்துவிடும்.

தொடாமல் விட்டால், பிணைப்பு மெல்ல மெல்ல அழுகித் தளர்ந்து, பெரும்பாலும் 10 நாட்களுக்குள் கொடி தானாகவே விழுந்துவிடும். நாற்றம் இருக்கும்; பார்க்கவும் நன்றாக இருக்காது. ஆனால், காய்ச்சல் இல்லாமல், தீவனம் எடுத்துக்கொண்டு, அசைபோட்டுக்கொண்டிருக்கிற மாடு அநேகமாகத் தேறிவிடும்.

தெர்மாமீட்டர்தான் சாட்சி

ஆகவே, பார்க்க வேண்டியது மாட்டின் உடல் வெப்பத்தை. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். ஆசனவாய்க்குள் சற்று சாய்த்து, சதைச் சுவரில் படும்படி வைக்க வேண்டும். சாணத்துக்குள் செருகினால் அளவு தப்பும். காலை, மாலை இரண்டு வேளையும் 10 நாட்களுக்குப் பார்த்து எழுதுங்கள். வெயில் ஏறிய பிறகு வெப்பம் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால், காலை அளவையே முக்கியமாகக் கொள்ளுங்கள்.

பசுவின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103 டிகிரியைத் தொட்டால் காய்ச்சல். அதோடு தண்ணீராக, செம்பழுப்பு நிறத்தில், துர்நாற்றத்தோடு அழுக்கு வடிந்தால், கருப்பையில் சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மாடு தீவனத்தை ஒதுக்கும், கண் குழிவிழும், பால் சட்டென்று குறையும். அந்த நிலையில் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மருந்தகம் தொலைவாக இருந்தால், 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. வீட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.

ஒன்றை மட்டும் கொடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னால் பெரிய பந்துபோல, ரத்தச் சிவப்பாக, மேலெல்லாம் முண்டு முண்டாக ஏதாவது வந்திருந்தால், அது வெளித்தள்ளிய கருப்பை. அதை இழுக்கவோ அறுக்கவோ செய்தால் மாடு செத்துவிடும். ஈரமான சுத்தமான வெள்ளைத் துணியில் தாங்கிப் பிடித்தபடி, உடனே மருத்துவரை வரவழையுங்கள்.

முள்ளங்கியும் வெண்டைக்காயும்

மரபுவழி மூலிகை மருத்துவ முறைகளைத் தேசிய பால்வள வாரியம் தொகுத்து, பால் உற்பத்தியாளர்களிடம் பரப்பி வருகிறது. கொடி தங்குவதற்கு அதில் சொல்லப்பட்டிருப்பது எளிமையானது. கன்று ஈன்ற 2 மணி நேரத்துக்குள் ஒரு முழு வெள்ளை முள்ளங்கியைத் தின்னக் கொடுக்க வேண்டும். 8 மணி நேரமாகியும் கொடி விழவில்லை என்றால், ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 12 மணி நேரத்துக்குப் பிறகும் தங்கினால், தொங்கும் கொடியில் அறைக்கு மிக அருகே ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு 2 அங்குலம் கீழே நறுக்கிவிட வேண்டும். முடிச்சு தானாக உள்ளே போய்விடும், இழுக்கக் கூடாது. பிறகு வாரம் ஒரு முள்ளங்கி வீதம் 4 வாரம் கொடுக்கச் சொல்கிறார்கள். இதைச் செய்தாலும் தெர்மாமீட்டரைக் கீழே வைக்கக் கூடாது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கு முள்ளங்கியோடு நிற்கக் கூடாது.

'கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்க வேண்டும்' என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இது கன்றுக்கும் கெடுதல், மாட்டுக்கும் கெடுதல். கன்று மடியில் முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கரு வீசிய மாட்டில் கொடி தங்கினால்...

இனிச் சொல்வது மாட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. ஐந்து மாதச் சினைக்கு மேல் மாடு கரு வீசி, கொடியும் தங்கினால், புருசெல்லா என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். கொடி தடித்து, தோல்போல விறைத்து, பொத்தான்கள் மஞ்சள் நிறத்தில் அழுகிக் காணப்படலாம். ஆனால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மருத்துவர் ரத்தம், பால், கொடி ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் உறுதி செய்வார். அதுவரை அந்த மாட்டை மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

இந்தக் கிருமி கொடியிலும் கருநீரிலும் ஏராளமாக இருக்கும். கையில் உள்ள சிறு கீறல் வழியாகவும், கண், வாய், மூச்சு வழியாகவும், காய்ச்சாத பால் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையவும் கூடும். நம் கொட்டகைகளைக் கூட்டிப் பெருக்குவது பெரும்பாலும் பெண்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், கரு வீசிய மாட்டின் பக்கமே அவர் போக வேண்டாம். யாருக்காவது இப்படிக் காய்ச்சல் வந்தால், 'எங்கள் மாடு கரு வீசியது' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். டைபாய்டு, மலேரியா என்று குழம்பக்கூடிய காய்ச்சல் இது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி, சரியான ரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும்.

கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாலுள்ள மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாய் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்ற நல்ல புத்தியும் அதில் இருந்திருக்கலாம். ஆனால், காக்கை கொத்தி இழுக்கும், நீர் சொட்டும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே சரி. கரு வீசிய மாட்டின் கொடி என்றால் அதைத் தவிர வேறு வழியே இல்லை.

இந்நோய் வந்த மாட்டைக் குணப்படுத்த வழியில்லை. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை போட வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், கால்நடை பராமரிப்புத் துறை இதை இலவசமாகப் போடுகிறது. காளைக் கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் இது கிடையாது.

அடுத்த ஈத்துக்கு இப்போதே

ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே பாலை வற்றவிடுங்கள். பசுந்தீவனமும், தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் விடாமல் கொடுங்கள். தாராளமாகத் தண்ணீர், நிழல், சிறிது நடை, ஈனும் இடத்தில் சுத்தமான வைக்கோல் ஆகிய எல்லாம் கொடியைத் தளர்த்தும் மருந்துகள்தான்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மாடு காளையும் கிடேரியுமாக இரட்டைக் கன்று போட்டது. கிடேரியை வளர்க்கலாமா?

பதில்: இரு கன்றுகளின் கொடிகளும் கருப்பைக்குள் இணைந்து ரத்தம் கலந்துவிடுவதால், இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் 90 சதவிகிதத்துக்கு மேல் சினைப்படாது. மருத்துவரிடம் காட்டி, பிறப்பு உறுப்பைப் பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மாடு கொடியைத் தின்றுவிட்டது. பால் குறையுமா?

பதில்: அதனால் பால் குறையாது. பெரும்பாலும் செரித்துவிடும். இரண்டு நாள் கவனியுங்கள். தீவனம் எடுக்காவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: கன்று போட்ட மறுநாள் மாடு எழவில்லை. காது ஜில்லென்று இருக்கிறது. கொடியும் விழவில்லை. கொடியால்தான் இப்படியா?

பதில்: இது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சலின் அறிகுறி. பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். கருப்பை சுருங்கவும் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், கொடியும் தங்கியிருக்கலாம். படுத்த மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் ரத்தத்தில் கால்சியம் ஏற்றினால், பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். தாமதித்தால் மாட்டை இழக்க நேரிடும்.