அறிந்தும் அடங்காப் பருவம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்தேன். என்னிடம் முன்னொருகாற் பயின்ற மாணவி ஒருவர் தேடி வந்தார். சட்டத்தோடு தொடர்புற்ற உளநலமும் மூளை வளர்ச்சியும் சந்திக்கும் ஒரு துறையிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார். ஆய்விற் பங்குபற்ற வருவோரிடம் கொடுக்கவேண்டிய விளக்கத்தாளைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "ஐயா, சொற்பிழை பொருட்பிழை பார்த்துத் தரவேண்டும்" என்றார்.

முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தேன். 'தடயவியல் உளநலம்' என்று எழுதியிருந்தது. தடயம் என்பது கள்வன் விட்டுச் சென்ற அடிச்சுவடு, கைரேகை முதலியன. உள்ளத்துக்கு ஏது தடயம்? மேனாட்டார் வழங்கும் சொல்லின் வேரைத் தேடினால், உரோமாபுரியிலே வழக்குரைத்த பொது மன்றத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் அகப்படுகிறது. நம்மவர் அதனை அவையம் என்றனர். அறங்கூறவையம் என்பது பழந்தமிழ் வழக்கு. பிரேதப் பரிசோதனை செய்பவரைச் சட்ட வைத்திய அதிகாரி என்றே இலங்கையில் அழைக்கிறோம். ஆதலின் 'சட்ட உளநலம்' என்று திருத்தினேன். பிள்ளை மறுக்கவில்லை.

இரண்டாவது இடறல் இத்துணை எளிதிலே தீரவில்லை. 'தன் செயலின் தன்மையையும் விளைவையும் அறியும் முதிர்ச்சி' என்றொரு தொடர் அத்தாளில் வந்தது. அது சட்டத்தின் வாசகத்தைத் தழுவியது என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். அன்று மாலை முழுதும் அதிலேயே கழிந்தது.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மெக்கோலே பிரபு வரைந்து, 1860 இலே நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்குத் தாய். தாய்ச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமன்று என்றது. இலங்கையில் அது எட்டாயிற்று. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளையாயின், தான் செய்வது இன்னதென்றும் அதனால் வருவது இன்னதென்றும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அதற்கு உண்டா என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டைக் கடந்தால் அந்தக் கேள்வியே எழாது. இந்த வரம்பு 135 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே எட்டைப் பன்னிரண்டாக்கி, கேள்வி எழவேண்டிய வயதைப் பன்னிரண்டிலிருந்து பதினான்குவரை நீட்டிற்று.

பதினான்கு என்றதும் எனக்கு ஆணி மாண்டவ்வியர் நினைவு வந்தது. கள்வர் தாம் கவர்ந்த பொருளோடு அம்முனிவரின் ஆச்சிரமத்தில் ஒளித்தனர். காவலர் வினவியபோது முனிவர் மௌன விரதம் பூண்டிருந்தார்; வாய் திறவாமையாற் கழுவேற்றப்பட்டார். உயிர் போகவில்லை. பின்னர்த் தருமதேவதையிடஞ் சென்று, இத்துன்பம் என்ன வினையால் வந்தது என்று கேட்டார். சிறுபிராயத்திற் பூச்சிகளைப் புல்லாற் குத்தியதன் பயன் என்று விடை வந்தது. அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இவ்வளவு பெருந் தண்டமா என்று வெகுண்டு, தருமதேவதையையே மண்ணிற் பிறக்கச் சபித்தார். அப்படிப் பிறந்தவரே விதுரர். இந்தச் சாபத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதனோடு முனிவர் விதித்த வரம்பைத்தான் மறந்துவிட்டோம்: பதினான்கு வயதுவரை செய்தது பாவமாகாது என்பது அவ்வரம்பு. சிறுவர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு, குற்றப்பொறுப்பு வயது பதினான்குக்குக் குறையலாகாது என்று நாடுகளுக்கு 2019 இல் ஊக்கமளித்தது. மகாபாரதத்தை அக்குழுவினர் படித்திருக்க நியாயமில்லை.

இனி மூளையின் கதை. அமெரிக்காவில் ஜே கீட் என்பவரும் கூட்டாளிகளும் 145 பிள்ளைகளின் மூளையைக் காந்தக் கருவியாற் படம்பிடித்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் பிடித்து ஒப்பிட்டனர். முடிவு 1999 இல் வெளிவந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியின் சாம்பல்நிறப் பொருள் பதினொன்று பன்னிரண்டு வயதளவிற் பெருகி, அதன்பின் குறையத் தொடங்குகிறது. குறைதல் என்றால் நலிவன்று. யாழ்ப்பாணத்து வேலிக் கதியாலில் குழை வெட்டுவோமே, அதுபோல வேண்டாத தொடுப்புகள் கழிகின்றன. மிஞ்சிய நரம்புகளின் மேற் கொழுப்புறை படர்ந்து செய்தி விரைந்து ஓடுகிறது. முன்னோக்கிச் சிந்தித்தலுக்கும் தன்னைத் தடுத்தலுக்கும் உரிய அந்த நெற்றிப் பகுதி, இருபதின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. இன்பத்தையும் ஆர்வத்தையும் கிளறும் உட்பகுதிகளோ பூப்புக் காலத்திலேயே விழித்துவிடுகின்றன. தேரிற் குதிரை பூட்டியாயிற்று. பாகன் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்ரைன்பேர்க் என்னும் உளவியலாளரும் அவர்தம் மாணவியும் 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே குறிக்கத்தக்கது. மூன்று வயதுப் பிரிவினரை ஒரு வாகன விளையாட்டு ஆடச் செய்தனர். நண்பர் பக்கத்திலிருந்தபோது பதின்வயதினர் துணிந்து ஆபத்தைத் தேடினர். வளர்ந்தோரிடம் அவ்வேறுபாடு பெரிதாக இல்லை. தனியே, அமைதியாக இருக்கும்போது பதினாறு வயதினன் வளர்ந்தவனைப் போலவே நியாயம் பேசுவான் என்பதும் இத்துறையினர் கண்டதே.

இவ்விடத்தில் நம் பாட்டியல் நூல்களை எடுத்துக் காட்டினேன். பாலன் ஏழு வயதுவரை, மீளி பத்துவரை, மறவோன் பதினான்குவரை, அப்பால் திறலோன், காளை. விடலை என்ற பருவத்தையோ முப்பதுவரை நீட்டியிருக்கிறார்கள். இலக்கணப் புலவர் மூளையை அறுத்துப் பார்த்தவரல்லர். இதை வைத்துக்கொண்டு 'எல்லாம் நம்மவர் அன்றே அறிந்தனர்' என்று மேடையில் முழங்கவும் நான் ஒருப்படேன். ஆயினும், வாலிபம் ஒரே நாளிற் கதவடைத்துக் கொள்வதன்று என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

பிள்ளை கேட்டார்: "ஐயா, அறிதல் வேறு, அடங்குதல் வேறு என்றுதானே இவை எல்லாம் சொல்கின்றன? சட்டம் அறிதலை மட்டுந்தானே கேட்கிறது?"

உண்மை. உளநோயாளரைப் பற்றிய 77 ஆம் பிரிவும் அவ்வாறே, செயலின் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதிருந்தாரா என்றே கேட்கிறது. 1843 இலே, பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மக்னோற்றன் என்பவன் சித்தம் பேதலித்தவன் என விடுவிக்கப்பட்டான். அதன்பின் ஆங்கிலேய நீதிபதிகள் வகுத்த விதிகளும் அறிதலையே அளவுகோலாகக் கொண்டன. ஐந்தாண்டு கழித்து, வெடிவைக்கும் இரும்புக்கோல் மண்டையைத் துளைத்துச் சென்றும் பிழைத்த கேஜ் என்னும் அமெரிக்க இருப்புப்பாதை மேற்பார்வையாளனைப் பற்றி வைத்தியர் ஹார்லோ எழுதிய குறிப்பைப் படித்தால், அறிவு நின்று அடக்கம் போன மனிதன் ஒருவனைக் காண்கிறோம். அங்கொடைக்கு, அதாவது இன்றைய தேசிய மனநல நிறுவகத்துக்கு, நீதிமன்றங்கள் அனுப்புவோரின் நிலைமையும் அறிந்தாரா, அறியாரா என்ற ஒற்றைக் கேள்வியில் முழுதும் அடங்கிவிடுவதன்று. கொழும்பில் நாம் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருப்பது வேறு விடயம், வெட்கப்படவேண்டிய விடயம்.

ஓர் எச்சரிக்கையும் பிள்ளை தந்தார். மேற்கூறியவை பலரைச் சேர்த்துக் கண்ட சராசரிகள். கூண்டில் நிற்கும் ஒருவனின் மூளையைப் படமெடுத்து, இவன் முதிர்ந்தவன், இவன் முதிராதவன் என்று சொல்லிவிட இயலாது. அவனை அறிந்தவர்களிடம் கேட்டே தீரவேண்டும்.

அவ்வாறு கேட்கப்பட்டவருள் நானும் ஒருவன். 1996 ஆம் ஆண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு மாணவன் எனது வகுப்பில் இருந்தான், வயது 13. நீதிநூற் செய்யுளைப் பிழையின்றி ஒப்புவிப்பான், பொருளும் சொல்லுவான். தன்னின் மூத்த இருவரோடு கூடி, ஓர் இரவு ஒரு கடையின் ஓட்டைப் பிரித்து இறங்கினான். மூத்தவர் ஓடிவிட்டனர், இவன் அகப்பட்டான். நன்னடத்தை உத்தியோகத்தர் என்னிடம் ஓர் அறிக்கை கேட்டார். 'இம்மாணவன் நன்மை தீமைகளைத் தெளிவாகப் பகுத்தறியும் ஆற்றலுடையவன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவனுக்கு நன்மை செய்வதாகவே எண்ணினேன். கெட்டிக்காரன் என்று தெரிந்தால் இரக்கம் காட்டுவார்கள் என்பது என் கணக்கு. அவனைச் சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பினார்கள். அவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது 26 வயது. பாட்டியற் கணக்கில் நானே விடலை.

என் ஒரு வரிதான் அவனை அனுப்பியது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துச் சட்டப்படி 13 வயதினனுக்கு முதிர்ச்சி பற்றிய கேள்வியே இல்லை. இன்றாயின் உண்டு. அந்தக் கேள்விக்கு விடையாக அதே வரியை இன்றும் ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுக்கக்கூடும் என்பதே என்னை உறுத்துகிறது.

இதைச் சொல்லி முடித்தபோது, பிள்ளை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் விளக்கத்தாளைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தை என்முன் வைத்தார். "இன்றைக்கு எழுதுவதென்றால் எப்படி எழுதுவீர்கள், ஐயா?" என்றார். நூலகத்தில் விளக்கு அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். 'இம்மாணவன் நன்மை தீமைகளை அறிவான். தனியே இருக்கும்போது அறிவின்வழி நடப்பான். மூத்தவர் இருவர் கூப்பிட்டால் மறுக்கும் வலிமை இவனுக்கு இன்னும் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதிலும் ஒரு சொல்லைப் பிள்ளை திருத்தினார். 'வலிமை' என்றிருந்ததை 'முதிர்ச்சி' ஆக்கினார்.